சாலை போட்டால் நிலமும் மாறும், அதை யார் சொல்வது?

நேற்று ஹாலில் நடந்த சாலை விரிவாக்கக் கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மனசு கேட்கவில்லை. சாலையை அகலப்படுத்தினால் பக்கத்துக் கடைகளும் வீடுகளும் என்ன ஆகும் என்று கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டதற்கு, "அது எங்கள் வரம்பில் இல்லை" என்றது சாலைத் திட்டத்தின் நிபுணர் குழு.

அப்புறம் எதற்கு நிபுணர் குழு? சிக்னலில் எத்தனை வண்டி நிற்கும் என்று கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுவிடும். புதுச் சாலை வந்தபின் எங்கே மால் வரும், எங்கே வாடகை ஏறும், யார் வீட்டைக் காலி செய்வார்கள், இதைக் கணிக்கத்தானே அனுபவசாலிகள் வேண்டும்? 1950களில் அமெரிக்காவின் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தில் டெல்ஃபி முறை என்று ஒன்றை உருவாக்கினார்கள். ஒவ்வொருவரும் பெயர் தெரியாமல் தன் கணிப்பை எழுதித் தருவார், எல்லாவற்றையும் தொகுத்துக் காட்டியதும் அடுத்த சுற்றில் திருத்திக்கொள்வார். பெரியவர் வாயைப் பார்த்துத் தலையாட்டும் வேலையே கிடையாது. நேற்று தலைவர் பேசினார், மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

படித்தவர்களை மட்டம் தட்டுகிறேன் என்று சிலர் வருவீர்கள். என் மகளே சிவில் எஞ்சினியரிங் படிக்கிறாள். நம் தென்னாப்பிரிக்காவின் 2013ஆம் ஆண்டு நிலப் பயன்பாட்டுச் சட்டப்படி, நில விண்ணப்பங்களை முடிவு செய்யும் நகராட்சித் திட்டத் தீர்ப்பாயத்தில் கவுன்சிலர்கள் உட்கார முடியாது, வெளியிலிருந்து விஷயம் தெரிந்தவர்கள் இருக்க வேண்டும். நல்ல சட்டம். அந்த விஷயம் தெரிந்தவர்கள் நிலத்தைப் பற்றியும் பேசட்டும் என்றுதான் கேட்கிறேன்.

"எப்பப் பார்த்தாலும் பழைய கதை" என்பீர்கள். ஆமாம், சொல்லத்தான் செய்வேன். 1950இல், ஒவ்வொரு இனமும் அதற்கென ஒதுக்கிய பகுதியில்தான் வசிக்க வேண்டும் என்ற இனவாரிப் பகுதிச் சட்டம் வந்ததும், டர்பன் நகரசபை ஒரு தொழில்நுட்பத் துணைக்குழுவை வைத்துத்தான் ஊரைக் கூறுபோடத் திட்டம் தீட்டியது. ஆறும் பள்ளத்தாக்கும் எல்லைக்கோடாயின. அவர்களும் நிபுணர்கள்தான். டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் என் பாட்டி வைத்திருந்த வாழையும் கறிவேப்பிலையும் அவர்கள் வரைபடத்தில் இல்லை. இந்தியர்களுக்கென ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்குத் துரத்தப்பட்டபின், விடியும் முன்னே கூடையோடு பஸ் ஏறித்தான் மார்க்கெட் போவாராம். கூடைக்கும் டிக்கெட் எடு என்று கண்டக்டர் சத்தம் போடுவதை அம்மா இன்னும் சொல்வார். எங்களைத் துரத்திவிட்டு எடுத்த நிலமோ, பல பத்தாண்டுகள் புதர் மண்டிக் கிடந்தது. அந்தக் கூடைக்கு எந்த நிபுணர் கணக்குப் பார்த்தார்?

2009இல் டர்பனின் வார்விக் அதிகாலைச் சந்தையில் மால் கட்டக் கிளம்பியபோதும் கீரை விற்றவர்கள் தெருவில் இறங்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் நாங்களே கத்த வேண்டுமா?

அடுத்த கூட்டத்துக்கு முன் குழுவின் வரம்பு எழுதிய தாளை எங்களிடம் கொடுங்கள். நிலம் அதில் இல்லையென்றால் சேர்த்து எழுதிக்கொண்டு வாருங்கள். பஸ்ஸிலும் மினிபஸ் டாக்சியிலும் போய்வரும் ஒருவரையும் குழுவில் உட்கார வையுங்கள்.