வயல் பத்திரத்தை ஈடு வைக்கும் முன்

சென்ற ஞாயிற்றுக்கிழமை சேரன்மகாதேவியிலிருந்து தூரத்து உறவினர் இருவர், பிளஸ் டூ முடித்த மகளுடன் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். "வெளிநாட்டுல போயி நடிப்புதான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கா, நீங்கதான் ஒரு வழி சொல்லணும் மதினி" என்ற தாயின் மடியில், இரண்டு கோட்டை விதைப்பாட்டு வயலின் பத்திரம் துணிப்பையில் இருந்தது.

லண்டனில் நாடகம் படித்துத் திரும்பியவள் என்பதால் என்னிடம் வந்தார்கள். நடிப்புப் படிப்பு வீண் என்று நான் சொல்ல மாட்டேன். குரலையும் மூச்சையும் உடலையும் நாள்தோறும் பழக்கிய அந்த வகுப்பறைக்கு நான் இன்றும் கடன்பட்டவள். ஆனால் எங்கே, எந்த நிபந்தனையில் படிக்கிறோம் என்பதை அறியாமல் நிலத்தை ஈடு வைப்பதை நான் ஒப்பமாட்டேன்.

பிரிட்டனில் மாணவர் விசாவில் பட்டப்படிப்புப் படிப்பவர், பாடம் நடக்கும் மாதங்களில் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்யலாம். ஆனால் சுயதொழில் செய்யக் கூடாது. மேடைக் கலைஞராகச் சம்பாதிக்கவும் கூடாது. பாடத்திட்டத்தின் பகுதியாக வரும் பயிற்சிக்கு மட்டுமே நாடக மாணவருக்கு விலக்கு உண்டு. எனக்கு விண்ணப்பம் நிரப்பித் தந்த முகவர் இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூலியோடு கிடைத்த முதல் வேடத்தை மறுத்துவிட்டு, உணவகத்தில் தட்டுக் கழுவிய அந்தக் குளிர்காலம் இன்றும் வலிக்கிறது. படிப்புக்குப் பின் கிடைக்கும் பட்டதாரி விசாவில் நடிக்கலாம். இரண்டு ஆண்டுகளாக இருந்த அந்தக் காலமும், 2027 ஜனவரி முதல் விண்ணப்பிக்கும் இளங்கலை, முதுகலைப் பட்டதாரிகளுக்கு 18 மாதமாகக் குறைகிறது.

கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாகச் சொத்து ஈடு கேட்கின்றன. பொறியாளருக்கு மாதச் சம்பளம் வரும். நடிகருக்கு வேடம் கிடைத்த மாதத்தில்தான் வரும், தவணையோ மாதந்தோறும் வரும். திரைப்படக் கலையையும் எண்ணிப் பார்ப்பவருக்கு, முகவர்கள் பெரும்பாலும் சொல்லாத வழிகளும் இருக்கின்றன. பிராகாவில் 1946-இல் தொடங்கப்பட்ட ஃபாமு திரைப்படப் பள்ளியில், செக் மொழியிலேயே படிக்கும் வெளிநாட்டு மாணவருக்கும் கல்விக் கட்டணம் கிடையாது. ஆங்கிலவழிப் படிப்புக்குத்தான் கட்டணம். ஜெர்மனியின் அரசு திரைப்படக் கல்லூரிகள் பலவற்றிலும் இதே நிலைதான். அங்கே வாழும் செலவு உண்டு, மொழிக்கு ஓரிரு ஆண்டு உழைக்கவும் வேண்டும்; ஆனால் அந்த உழைப்புக்கு வயலை ஈடு வைக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். பிரிட்டன் நாடகப் பள்ளிகளின் நுழைவுத் தேர்வில், பழைய நாடகத்திலிருந்து ஒன்றும் புதியதிலிருந்து ஒன்றுமாக ஒரு பாத்திரம் தனியாகப் பேசும் இரண்டு தனிப்பேச்சுகளைக் கேட்பது வழக்கம்; சிலர் பாடவும் சொல்வார்கள். சுடலைமாடன் கோயில் கொடைவிழாவில் விடிய விடியக் கணியான் கூத்துப் பார்த்து வளர்ந்த நான், என் தேர்வு நாளில் வேறெதையோ பாடிவிட்டு வந்தேன். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டும் அந்தக் கூத்தில் எனக்கு இடம் இருந்ததில்லைதான்; இருந்தும் உச்ச மகுடம், மந்த மகுடம் என்னும் இரண்டு தோல்வாத்தியங்களும் ஒன்றையொன்று துரத்தும்போது ஆடுபவரின் கால் எப்படி மாறும் என்பது என் உடம்புக்குத் தெரிந்திருந்தது. அதை ஏன் மறைத்தேன் என்று இன்றுவரை வருந்துகிறேன்.

அவள் உடனே எழுந்து நின்று, ஊர்க் கொடையில் கேட்ட வில்லுப்பாட்டில் நான்கு வரி பாடினாள். குரல் நன்றாக இருந்தது. இரண்டு தனிப்பேச்சுகளையும் மனப்பாடம் செய்து அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறேன். பத்திரத்தை அதுவரை பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கும்படி அவள் அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன்.