மண்ணுதானே கிடக்கு?

"பாலைவனத்துல வண்டி ஓட்டவும் பெர்மிட்டா? மண்ணுதானே கிடக்கு!" அமெரிக்காவில், யூட்டா மாநிலத்தின் கேன்யன்லேண்ட்ஸில் ஒயிட் ரிம் ரோட்டைச் சுற்றி வந்த படங்களைக் காட்டியபோது நண்பர் இப்படிக் கேட்டார். அப்போது சிரித்து மழுப்பிவிட்டேன். பதில் இங்கே.

சுமார் 160 கிலோமீட்டர் சுற்று. மண்ணும் பாறையும்தான் பாதை. ஷேஃபர் டிரெயிலின் கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் அதல பாதாளம். பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும்; லோ ரேஞ்சில் (வேகம் குறைத்து இழுவையைக் கூட்டும் கியர் அமைப்பு) முதல் கியரைப் போட்டு, எஞ்சின் இழுத்துப் பிடிக்க, ஊர்ந்து இறங்க வேண்டும். மர்ஃபி ஹாக்பேக் ஏற்றத்தில் கண்ணாடி வழியே வானம் மட்டும்தான் தெரிந்தது. வழி நெடுக குடிதண்ணீர் கிடையாது. வண்டி படுத்துவிட்டால் கட்டி இழுத்து வர ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும்.

இந்த ரோடு நம்மைப் போன்ற ஆசைக்காரர்களுக்காகப் போட்டதில்லை. 1950களில் யுரேனியம் தேடி அமெரிக்க அணுசக்தி ஆணையம் போட்டது. அணுகுண்டுக் காலம். இந்தப் பாறைத்தட்டில் பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை, ரோடு மட்டும் மிஞ்சியது. 1964இல் அந்த இடம் தேசியப் பூங்கா ஆனது. ஆக, நான் ரசித்து ஓட்டியதே ஒரு பழைய காயத்தின் மேல்தான். அந்த உறுத்தல் எனக்கும் உண்டு.

நண்பர் 'வெறும் மண்' என்றாரே, அது வெறும் மண்ணில்லை. பாதையோரம் அடிப்பிடித்த சோறு மாதிரி கறுத்து, முண்டும் முடிச்சுமாகக் கிடக்கும். நீலப்பச்சைப் பாசி, லைக்கன் என்ற பூஞ்சை-பாசிக் கூட்டுயிர், மெத்தென்ற பச்சைப்பாசி (moss) எல்லாம் சேர்ந்து மணலைப் பிணைத்து வைத்திருக்கும் உயிருள்ள மேலோடு அது. காற்றில் மணல் பறக்காமல் காப்பதும், காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குச் சேர்ப்பதும் அதுதான். சக்கரம் ஒருமுறை ஏறி நொறுக்கினால் தேற வருடக்கணக்காகும். சில இடங்களில் பல பத்தாண்டுகள். அதனால்தான் பெர்மிட்டும், ஒரு நாளுக்கு இத்தனை வண்டிதான் என்ற கணக்கும். ஏடிவிக்கு (காடுமேட்டில் ஓட்டும் சின்ன நாலு சக்கர வண்டி) அங்கே அனுமதியே இல்லை. எனக்கு அதில் முழு சம்மதம்.

இரண்டாம் நாள் குறுகலான சரிவு ஒன்றில் இறங்கிக்கொண்டிருந்தேன், எதிரே ஒரு ஜீப். ஏறி வருகிறவருக்குத்தான் முதல் வழி. ஓரத்தில் கறுப்பு மண் தாராளமாகக் கிடந்தது. இரண்டு சக்கரத்தை ஏற்றினால் அரை நிமிட வேலை. மனைவி இறங்கி நின்று கை காட்ட (வழி காட்டவா, பயத்திலா என்று இன்னும் கேட்கவில்லை), அகலமான இடம் வரும்வரை ரிவர்ஸிலேயே ஏறினேன். கழுத்துப் பிடிப்பு விட மூன்று நாள் ஆனது.