பாராட்டு தொழிற்சாலைக்கு, செலவு நமக்கு

மின்காரின் கட்டுமானத்தை யாராவது குறை சொன்னால் போதும், 'பழைய காலத்து ஆள், புதுசு புரியல' என்று கிளம்பிவிடுகிறார்கள். காரைப் போல்ட் போல்ட்டாகக் கழற்றி விலை போடும் அமெரிக்க நிபுணர் சாண்டி மன்ரோவுக்கும் இதுதான் நடந்தது. 2018-ல் டெஸ்லா மாடல் 3-ஐப் பிரித்தவர், எலெக்ட்ரானிக்ஸை மெச்சினார். பாடியைத்தான் கிழித்தார்: பின்சக்கர வளைவை ஒரே தகடாக அடிக்காமல் ஒன்பது துண்டாக்கி வெல்டும் ரிவெட்டும் போட்டிருக்கிறார்கள் என்று. 2021-ல் ஈலான் மஸ்க்கே அவரிடம் அது சரிதான் என்று ஒப்புக்கொண்டார். அதற்குள், மாடல் 3-ல் சுமார் 70 உதிரிகளாக இருந்த பின்னடிப்பாகம், அடுத்து வந்த மாடல் ஒய்-யில் உருக்கி அச்சில் ஊற்றிய அலுமினிய வார்ப்பாகிவிட்டது.

அந்த வார்ப்பை மன்ரோ பாராட்டுகிறார். எனக்கு அங்கேதான் ஒட்டவில்லை. எத்தனை வெல்ட் மிச்சம், எத்தனை ரோபோ மிச்சம் என்று அவர் கணக்கு தொழிற்சாலை வாசலோடு முடிகிறது. கங்கைகொண்டான் நாற்கரச் சாலையில் பின்னாலிருந்து லாரி இடித்தால் நம் கணக்கு அப்போதுதான் தொடங்கும்.

இரும்புத் தகடு நசுங்கினால் நம்ம ஊர் டிங்கர் சூடு காட்டி, இழுத்து, தட்டி எடுத்துவிடுவார். வார்ப்பு அலுமினியம் பெரிதாக நெளியாது, விரிசல் விடும். செக்கச் சிவக்கட்டும் என்று காத்திருந்தால் நிறமே மாறாமல் 660 டிகிரிக்கு முன்பே உருகி விழும். ஆனால் மேலே படிந்த ஆக்ஸைடு உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால் முதலில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, அலுமினியத்துக்கென்றே ஒதுக்கிய எவர்சில்வர் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். இரும்பைத் தேய்த்த பிரஷ் பட்டால் இரும்புத் தூள் பதிந்து, ஈரம் ஏறியதும் அரிப்பு பிடிக்கும். கிரைண்டரும் இடமும் தனி. வெல்டைக் காற்றுப் படாமல் காக்கும் வாயு, சுத்தமான ஆர்கான். வார்ப்புக்குள் சிக்கிய காற்று, வெல்ட் பட்டதும் குமிழியாகப் பொங்கும். இத்தனைக்கும் முன்னால், அந்த இடத்தில் வெல்ட் வைக்கலாமா, அறுத்துப் பசையும் ரிவெட்டும் போட வேண்டுமா என்று கம்பெனியின் ரிப்பேர் கையேட்டைப் பார்க்க வேண்டும். கையேடு கூடாது என்றால் வார்ப்பை முழுசாக மாற்றத்தான் வேண்டும்.

4680 என்ற பெரிய உருளை பேட்டரி செல் போட்ட மாடல் ஒய் இன்னும் ஒரு படி மேல். பேட்டரிப் பெட்டியே தரை, சீட்டு அதன் மேல். செல்களுக்கிடையே நுரை ஊற்றி இறுக்கியிருக்கிறார்கள். பாடி விறைப்பாகிறது, வாஸ்தவம். ஒரு செல் கெட்டால் தோண்டி எடுக்க வழியில்லை. 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் நெல்லை ஜங்ஷனுக்குள் ஏறியதை மறக்க முடியுமா? பேட்டரிக்குள் தண்ணீர் புகாது என்று காட்டும் ஐபி67 சான்று என்றால் 1 மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம், அவ்வளவுதான். நாள் கணக்கில் சகதித் தண்ணீரில் நின்றால் அந்தச் சான்று காப்பாற்றாது. பிரிக்கக்கூடிய பெட்டியென்றால் ஈரம் எங்கே இறங்கியது என்று திறந்தாவது பார்க்கலாம்.

வார்ப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் நுனியில் நசுங்கும் பகுதியைத் தனித்துண்டாகப் போல்ட்டில் மாட்டட்டும். சின்ன இடிக்கு அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கார் வாங்கப் போகும் அண்ணாச்சிகள் ஷோரூமில் மைலேஜ் கேட்கும்போதே இதையும் கேளுங்கள்: பின் வார்ப்பு உதிரியாகக் கிடைக்குமா, என்ன விலை, நெல்லையிலேயே மாற்றுவீர்களா, இல்லை மதுரைக்கு டோ பண்ணணுமா?