முகம் தெரியாததா பிரச்சினை?

போன மாதம் ஒரு ராத்திரி 11.45 இருக்கும். கூட வேலை பார்க்கும் பெண்ணுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினேன். "அந்த ஃபைல் முடிஞ்சுதாம்மா?" காலையில் மறந்துவிடும் என்றுதான் அப்போதே அனுப்பினேன். மறுநாள் முழுக்க அவர் சரியாகப் பேசவில்லை. சாயங்காலம்தான் சொன்னார்: "தூங்கப் போற நேரத்துல அதட்டுற மாதிரி இருந்துச்சு சார்." மன்னிப்புக் கேட்டேன். நான் எழுதிய வரியில் அதட்டல் இல்லை, அனுப்பிய நேரத்தில் இருந்திருக்கிறது.

இதை 1995-லேயே ஆராய்ந்து எழுதிவிட்டார் ஜோசப் வால்தர். அமெரிக்கத் தொடர்பியல் அறிஞர், சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் சில ஆண்டுகள் பேராசிரியராக இருந்தவர். அவரும் லிசா டிட்வெல்லும் மின்னஞ்சல்களில் அனுப்பிய நேரத்தை மட்டும் மாற்றி ஆட்களிடம் காட்டினார்கள். வேலை விஷயமாக இரவில் வந்த அஞ்சல், பகலில் வந்ததைவிட அதிகாரத் தொனியோடு தெரிந்தது. அந்த ஆய்வைப் பார்த்ததிலிருந்து வால்தரைத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

இணையத்தில் மனிதர்கள் கடுமையாக நடந்துகொள்வதற்கு நாம் எல்லோரும் ஒரே காரணத்தைத்தான் சொல்கிறோம்: முகம் தெரியாததால் துணிச்சல் வருகிறது. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். இப்போது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது.

1980-களில் பல ஆய்வாளர்கள், கணினி வழிப் பேச்சு வறண்டது, அதில் பாசம் வளராது என்றார்கள். வால்தர் கவனித்தது வேறு. நேரில் பேசுகிறவர்களுக்கும் தட்டச்சு செய்கிறவர்களுக்கும் அந்தச் சோதனைகளில் ஒரே அளவு நேரம்தான் கொடுத்திருந்தார்கள். வாயால் சொல்வதைத் தட்டச்சில் சொல்லி முடிக்கக் குறைந்தது நான்கு மடங்கு நேரம் ஆகும் என்பது அவர் கணக்கு. பழகவே நேரம் கொடுக்காமல், பழகத் தெரியாதவர்கள் என்று முடிவு கட்டினால் எப்படி? முன்பின் தெரியாதவர்களைச் சிறு குழுக்களாகச் சேர்த்துப் பல வாரங்கள் பழக விட்டு, இன்னொரு தொடர்பியல் அறிஞரான ஜூடி பர்கூனுடன் சேர்ந்து 1992-இல் முடிவை வெளியிட்டார். போகப் போக எழுத்து வழியாகவே நெருக்கம் வளர்ந்தது.

என்னை ரொம்பவும் யோசிக்க வைத்தது 1994-இல் வந்த அவருடைய ஆய்வு. மறுபடியும் இவர்களோடு பழக வேண்டியிருக்கும் என்ற எதிர்பார்ப்பு இருந்தால், கணினியிலோ நேரிலோ, மனிதர்கள் இணக்கமாகத்தான் பேசுகிறார்கள். ஊடகத்தைவிட அந்த எதிர்பார்ப்புக்கே அதிக வலு. முன்பின் தெரியாதவரின் பதிவில் போய் நாம் கத்துவதற்கு இதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. அவரை இனி எங்கே பார்க்கப் போகிறோம்?

1996-இல் வால்தர் இன்னும் ஒரு படி மேலே போனார். எழுத்தில் பழகுகிறவர்கள் சில நேரம் நேரில் பழகுகிறவர்களைவிடவும் நெருங்கிவிடுகிறார்கள் என்றார். நம்மில் நல்லதை மட்டும் எடுத்து, நிதானமாகத் திருத்தி எழுதுகிறோம். படிப்பவர் மீதியைத் தன் கற்பனையால் நிரப்பி நம்மை உயரத்தில் வைக்கிறார். அவர் அப்படி நினைப்பதாலேயே நாமும் அப்படி நடக்கத் தொடங்குகிறோம். 2001-இல் வந்த அவருடைய இன்னொரு ஆய்வில், புகைப்படமே பார்க்காமல் நெடுநாள் பழகியவர்களுக்குப் படத்தைக் காட்டியதும் ஈர்ப்பு குறைந்தது. இதைப் படித்தபோது வருத்தமாக இருந்தது. ஆனாலும் இணையத்தில் வந்த நட்பெல்லாம் பொய் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பாதி கற்பனை கலந்திருந்தாலும் அக்கறை நிஜம்தான்.

அப்புறம், சிரிப்புப் பொம்மை. சுருக்கென்று ஒன்றை எழுதிவிட்டுப் பக்கத்தில் ஒரு ஸ்மைலி போட்டால் வலிக்காது என்று நினைக்கிறோம். கைல் டி'அடாரியோவுடன் வால்தர் செய்த ஆய்வில், கசப்பான சொல்லை அந்தப் பொம்மையால் தணிக்க முடியவில்லை.

சமீப ஆண்டுகளில் வால்தர் இணைய வெறுப்பைப் பற்றி எழுதி வருகிறார். வெறுப்பை எழுதுகிறவரின் கண், திட்டு வாங்குகிறவர் மேல் இருப்பதைவிடத் தன் பக்கத்து ஆட்கள் தரும் பாராட்டின் மேல்தான் அதிகம் இருக்கிறது என்பது அவருடைய வாதம். இதை நான் முழுமையாக நம்புகிறேன், ஏனென்றால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் கண்ணால் பார்த்துவிட்டேன். அங்கே முகம் தெரியாதவர் யாரும் இல்லை. அறுபது பேருமே சொந்தம். அடுத்த கல்யாணத்தில் ஒரே பந்தியில் உட்காரப் போகிறவர்கள். அப்படியும் போன தேர்தல் சமயத்தில் சித்தப்பாவும் அத்தானும் மூன்று நாள் வார்த்தையால் குத்திக்கொண்டார்கள். இவர் ஒன்று போட்டால் நான்கு பேர் கட்டைவிரல் காட்டினார்கள், அவர் பதில் போட்டால் ஐந்து பேர்.

நான்காம் நாள் சித்தப்பாவுக்கு நான் தனியாகப் போன் செய்தேன். அவர் அத்தானைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. "அவனுக்கு முட்டி வலி எப்படிடா இருக்கு?" என்றுதான் கேட்டார்.