தனியா வந்தா மேசை இல்லைன்னு சொன்னது இனவெறி இல்லை

தென்கொரியத் தலைநகர் சோல்ல, மாப்போங்கற பகுதியில ஒரு கறிக்கடை தன்னை உக்கார விடலை, இது இனவெறின்னு ஒரு தம்பி யூடியூப்ல வீடியோ போட்டிருக்கார். அதை எனக்கு அனுப்பாத ஆள் இன்னும் யாரும் பாக்கி இல்லை. தனித்தனியா பதில் எழுதி முடியாது, இங்கேயே சொல்லிடறேன். அந்தத் தம்பியை அந்தக் கடையில உக்கார விடாதது அவர் இந்தியர்ங்கறதுக்காக இல்லை. நிறத்துக்காகவும் இல்லை. அவர் தனியாப் போனார், அதுதான் காரணம். அவர் தோளுக்குப் பின்னால சுவரில் விலைப்பலகை தெரியுது. வீடியோவை நிறுத்திப் பாருங்க. 2 பங்குக்குக் குறைஞ்சா ஆர்டர் எடுக்கறதில்லைன்னு கடைசி வரியிலேயே கொரிய மொழியில இருக்கு.

சம்க்யொப்சால் (மேசையிலேயே சுட்டுச் சாப்பிடற பன்றிக்கறி) கடை எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சிருந்தா இந்தச் சண்டையே வந்திருக்காது. பன்றியின் வயிற்றுக்கறியை ஒரு செ.மீ. கனத்துக்கு நீளத் துண்டா வெட்டி வெச்சிருப்பாங்க. ஒரு பங்கு, அதாவது ஒரு 'இன்பூன்', பச்சைக் கறியா 150லேர்ந்து 200 கிராம் வரும். நீங்க உக்காந்ததும் மேசை நடுவுல கரியோ கேஸோ பத்தவெச்சு, தட்டு போட்டு, மேலேயிருந்து புகைக்குழாயை இறக்குவாங்க. கூடவே கிம்ச்சி (காரம் போட்டுப் புளிக்கவெச்ச முட்டைக்கோஸ்), வெங்காயத்தாள் கலவை, பூண்டு, பச்சை மிளகாய், சம்ஜாங் (சோயா, மிளகாய் விழுது), ஒரு கூடை லெட்யூஸ், கென்னிப் (பெரில்லா) இலை எல்லாம் வந்துடும். இதுக்கெல்லாம் தனிக் காசு கிடையாது. தீர்ந்து போச்சுன்னு கேட்டா பெரும்பாலான கடையில மறுபடியும் வைப்பாங்க. ஒருத்தர் வந்தாலும் நாலு பேர் வந்தாலும் கரிச் செலவு, தட்டு மாத்தற வேலை, கழுவற வேலை எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். வரும்படி கறியிலயும் சோஜுங்கற கொரியச் சாராயத்துலயும் மட்டும்தான். சாயங்காலம் 6லேர்ந்து 8 மணிக்குள்ள நாலு பேர் மேசையை ஒரே ஒரு பங்குக்கு விட்டா கடைக்கு எப்படிக் கட்டும்?

"கொரியாக்காரன் தனியாப் போனாலும் இப்படித்தான் சொல்வாங்களா?"ன்னு ஒரு அண்ணன் கேட்டிருக்கார். சொல்வாங்க. 2025 கோடையில யோசு நகரத்துல ஒரு கொரியப் பெண் யூடியூபர் தனியாப் போய், 2 பங்கு வாங்கியும், சீக்கிரம் சாப்பிட்டுக் கிளம்புன்னு கடைக்காரர் விரட்டின வீடியோ நாட்டையே கிளப்பிவிட்டுச்சு. நகர நிர்வாகம் மன்னிப்புக் கேக்கற அளவுக்குப் போச்சு. இங்கே கொரியாவுல மூணு வீட்டுல ஒரு வீடு ஒத்தை ஆள் வீடு. தனியாச் சாப்பிடறவங்களை மரியாதையா நடத்தணும்னு கொரியர்களே சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க. நானும் அவங்க பக்கம்தான். ஆனா அது வேற சண்டை, இனவெறிச் சண்டை இல்லை.

தனியா வர்றவங்க என்ன செய்யணும்? வாசல்லயே "ஹொன்ஜாயிந்தே, த்வெயோ?" (தனியா வந்திருக்கேன், முடியுமா)ன்னு கேளுங்க. இல்லைன்னா அடுத்த கடை. கறிதான் வேணும்னா மதியம் 2 மணிக்கு மேல போய், 2 பங்கு வாங்கிடுங்க. கறியை அடிக்கடி புரட்டாதீங்க. ஒரு பக்கம் பொன்னிறமானதும் ஒரே தடவை திருப்பி, அப்புறம்தான் கத்தரிக்கோலால வெட்டணும். இலையில ஒரு துண்டு கறி, கொஞ்சம் சம்ஜாங், ஒரு பூண்டு வெச்சு மடிச்சு ஒரே வாயில போடுங்க. பாதி கடிச்சா கையெல்லாம் வழியும். சுட்ட கறி வேண்டாம்னா சுந்துபு ஜிகே (மெது டோஃபு போட்ட குழம்பு; ஜிகேன்னா குழம்பு), குக்பாப் (சூப்புல போட்ட சோறு), கல்குக்சு (கத்தியால வெட்டின நூடுல்ஸ் சூப்), பிபிம்பாப் (காய்கறியும் கறியும் போட்டுக் கலக்கற சோறு) இருக்கவே இருக்கு. இதெல்லாம் ஒத்தைக் கிண்ணத்துல வர்ற சாப்பாடு, தனியாப் போனா யாரும் ஏன்னு கேக்கமாட்டாங்க. கரண்டியும் சாப்ஸ்டிக்கும் பல கடைகள்ல மேசையோட பக்கவாட்டு இழுப்பறையில இருக்கும். தண்ணியைப் பல இடத்துல நீங்களே எடுத்துக்கணும். காசு கல்லாவுல கொடுத்தாப் போதும், டிப்ஸ் கிடையாது.

அடுத்து, அந்த வீடியோவுக்குக் கீழே ஓடற "அழுகின முட்டைக்கோஸ் திங்கறவனுங்க" பேச்சு. இதைப் படிச்சதும் எனக்கு உண்மையிலேயே வலிச்சுது. இட்லி மாவைப் புளிக்கவெச்சுச் சாப்பிடற நாம இதைச் சொல்லலாமா? கிம்ச்சி புளிக்கறதும் அதே லாக்டிக் அமில பாக்டீரியாவால்தான். முட்டைக்கோஸை நாலாப் பிளந்து, கல்லுப்பை இதழ் இதழா, தண்டுப் பக்கம் கூடுதலாத் தூவி, ராத்திரி முழுக்க வெப்பாங்க. காலையில தண்டை வளைச்சா உடையக்கூடாது, வளையணும். அதுதான் பதம். உப்பு குறைஞ்சா கொழகொழன்னு போயிடும், சரியாக் கழுவலேன்னா வாயில வைக்க முடியாது. மூணு தடவை கழுவி, நல்லா வடியவிட்டு, பசையரிசிக் கஞ்சியில மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி, உப்பிட்ட இறால், மீன் சாறு, சீவின முள்ளங்கி சேர்த்து இதழுக்கு இதழ் தடவுவாங்க. காத்துப் போகாம அமுக்கி, ஓரிரு நாள் வெளியில வெச்சு, அப்புறம் குளிர்ல. நவம்பர், டிசம்பர்ல குடும்பமும் அக்கம்பக்கமும் சேர்ந்து செய்யற இந்தக் கிம்ஜாங்கை 2013ல யுனெஸ்கோ மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியல்ல சேர்த்துச்சு. பழசாகிப் புளிச்ச கிம்ச்சியையும் தூக்கிப் போடமாட்டாங்க, அதுலதான் ஜிகே நல்லா வரும்.

"சைவக்காரங்க பட்டினியா கிடக்கணுமா?" இந்தக் கேள்வி நியாயமானது. சிரமம்தான், ஒத்துக்கறேன். கிம்ச்சியிலயே இறால் இருக்கு. தேன்ஜாங் ஜிகே (புளிக்கவெச்ச சோயா விழுதுக் குழம்பு) நெத்திலித் தண்ணியில கொதிக்கும். பிபிம்பாப்ல "கோகி பேகோ ஜுசேயோ" (கறி இல்லாம கொடுங்க)ன்னு சொன்னாலும், சில கடை கொச்சுஜாங்லயே (மிளகாய் விழுது) மாட்டுக்கறி வதக்கிச் சேர்த்திருக்கும், அதையும் கேக்கணும். கோடையில கொங்குக்சு கிடைச்சா விடாதீங்க, சோயா பாலில் குளிர்ந்த நூடுல்ஸ். ஹோபக்ஜுக்ங்கற பூசணிக் கஞ்சியும் நல்லாயிருக்கும். சோல்ல இருக்கற க்வாங்ஜாங் சந்தையில பச்சைப் பயறை ஊறவெச்சு, கல் ஆலையில அரைச்சு, எண்ணெய் நிக்க நிக்கப் பொரிக்கற, அடை மாதிரியான பிந்தேத்தொக் இருக்கு. கறி சேர்த்ததான்னு கேட்டுட்டு வாங்குங்க. பௌத்தக் கோயில் சாப்பாட்டுல பூண்டு, வெங்காயம்கூடக் கிடையாது. சோல்லயே ஜோக்யெசா கோயில் பக்கத்துல அதுக்குன்னே சாப்பாட்டுக்கடை இருக்கு.

தம்பியோட ரெண்டாவது வீடியோ, வழி தெரியாம அலைஞ்சது. விரிவான வரைபடத் தரவை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகப் பாதுகாப்புக் காரணம் சொல்லி அரசு பல வருஷமாத் தடுத்து வெச்சதால, கூகுள் மேப்ஸ் இங்கே நடைவழிக்கு உதவாமலே இருந்துச்சு. நேவர் மேப்ங்கற கொரிய வரைபடச் செயலியை இறக்கிக்கோங்க, ஆங்கிலத்துலயும் வரும். மெட்ரோவுல எந்த எண் வாசல்ல வெளியேறணும்னுகூடச் சொல்லும். டி-மணி கார்டை (பஸ், மெட்ரோ கட்டணக் கார்டு) பஸ்ல ஏறும்போது மட்டுமில்லாம இறங்கும்போதும் தட்டணும். அப்பத்தான் 30 நிமிஷத்துக்குள்ள வேற பஸ்ஸோ ரயிலோ மாறினா மறுபடி முழுக் கட்டணம் பிடிக்காது. இளஞ்சிவப்பு இருக்கை கர்ப்பிணிகளுக்கு, காலியா இருந்தாலும் உக்காராதீங்க. சோல்ல பழைய மரபு வீடுகள் இருக்கற புக்சொன் ஹனோக் கிராமத்துல சிவப்பு மண்டலம்னு குறிச்ச தெருவுக்குச் சுற்றுலாப் பயணிகள் காலை 10லேர்ந்து மாலை 5 வரைதான் போகலாம். 2025 மார்ச்லேர்ந்து மீறினா 1 லட்சம் வொன் அபராதம். அங்கே ஜனங்க குடியிருக்காங்க.

"அப்போ கொரியாவுல இனவெறியே இல்லையா?"ன்னு கேக்கறீங்க. இருக்கு. வெளிநாட்டவருக்கு அனுமதி இல்லைன்னு வாசல்ல எழுதி வெச்ச கேளிக்கைக்கூடங்கள் உண்டு. பாகுபாட்டுக்கு எதிரான முழுமையான சட்ட வரைவு 2007லேர்ந்து திரும்பத் திரும்ப வந்து நிறைவேறாமலே போச்சு. ஆனா அதை அனுபவிக்கறது யாரு? 2004ல ஆரம்பிச்ச வேலை அனுமதித் திட்டத்துல இலங்கையிலேர்ந்தும் ஆட்கள் வர்றாங்க, அதுல தமிழ்ப் பையன்களும் உண்டு. மொழித் தேர்வு எழுதி, வார்ப்புப் பட்டறையிலயும் பண்ணையிலயும் நிக்கறாங்க. முதலாளி கொடுமைப்படுத்தினாக்கூட அந்த விசாவுல நெனச்ச மாதிரி வேற இடம் மாற முடியாது. அவங்க அனுபவிக்கறதுக்குப் பேர் பாகுபாடு. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் நிறைய இருக்கற அன்சான் நகரத்துக்கு ஞாயித்துக்கிழமை போய் அவங்ககிட்ட பேசி ஒரு வீடியோ எடுத்திருந்தா நானே முதல் ஆளாப் பகிர்ந்திருப்பேன். கறிக்கடையில மேசை கிடைக்காததுக்கு அதே சொல்லைப் போட்டா, நாளைக்கு அந்தப் பையன் நிஜமாவே புகார் சொல்லும்போது யார் காதுல ஏறும்?

"காசு கொடுக்கற வாடிக்கையாளர்"னு வாதாடறவங்களுக்கு என்கிட்ட பதில் இல்லை, சொல்லவும் விருப்பம் இல்லை.

எனக்கு ஆறாத கோபம் வேற. அந்தக் கடை அம்மாவுக்கு அறுபது வயசுக்கு மேல இருக்கும். கையில இடுக்கியோட, ரெண்டு தடவை தலை குனிஞ்சு, மன்னிச்சுக்கோங்கன்னு சொல்றாங்க. வீடியோவுல அந்தச் சத்தத்தைக் குறைச்சு மேல இசை போட்டிருக்கு. அவங்க முகம் மூணு நிமிஷம் திரை முழுக்க நிக்குது, கீழே தமிழ்ல எழுத முடியாத வார்த்தைகள். கேக்காம ஒருத்தர் முகத்தை இப்படிப் போட்டா இங்கே நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். கொரிய யூடியூபர்கள் பின்னால நடந்து போறவங்க முகத்தைக்கூட மங்கலாக்குறது அதனாலதான்.

தம்பி, வீடியோவை நீக்கணும்னு நான் சொல்லலை. அந்த அம்மா முகத்தை மறைச்சுடுங்க, கடைப் பெயர்ப்பலகையையும் மறைச்சுடுங்க. யூடியூப்ல ஏத்தின வீடியோவுலயே அதைச் செய்யலாம், எடிட்டர்ல மங்கலாக்குற வசதி இருக்கு. இன்னிக்கு ராத்திரியே செய்யுங்க.