அம்மா பஸ்ஸில போன ரோட்டு

கான்சர் வருத்தக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போய் வாற செலவுக்கு காசு சேக்க ஒட்டுசுட்டானில இருந்து தெல்லிப்பழை கான்சர் ஆஸ்பத்திரி வரைக்கும் நடந்தனாங்கள். "அந்தக் காசை நேர குடுத்திருக்கலாமே, ஏன் வெயிலுக்க நடந்து காலை முறிக்கிறாய்" எண்டு கேட்ட எல்லாருக்கும் சேத்துத்தான் இதை எழுதுறன். கோவம் ஒண்டும் இல்லை, இன்பொக்ஸில ஒவ்வொருத்தருக்கா சொல்லி முடியேல்லை.

அம்மாக்கு கான்சர் எண்டு தெரிஞ்சாப் பிறகு ரெண்டு வருசம் ஒட்டுசுட்டானுக்கும் தெல்லிப்பழைக்கும்தான் ஓடினனாங்கள். விடிய நாலு மணிக்கே எழும்பி முதல் பஸ்ஸைப் பிடிச்சு மாங்குளம், அங்க மாறி யாழ்ப்பாணம், அங்க இருந்து தெல்லிப்பழை. ஊசி ஏத்திப்போட்டு வரேக்க அம்மா ரெண்டு சொப்பிங் பாக்கை நாலா மடிச்சு சீலைத் தலைப்பில சொருகி வச்சிருப்பா, சத்தி வந்தா பக்கத்து சீற் ஆளுக்கு கரைச்சல் குடுக்கக் கூடாதாம். முறிகண்டியில பஸ் நிக்க எல்லாரும் இறங்கி பிள்ளையாரைக் கும்பிட்டு கச்சான் வாங்குவினம், அவ மட்டும் யன்னலுக்குள்ளால கையெடுத்துக் கும்பிட்டிட்டு கண்ணை மூடிக்கொண்டிருப்பா.

வைத்தியம் இலவசம்தான், அதில ஒரு குறையும் சொல்லேலாது. ஆனா பஸ் காசு, கூட வாற ஆளின்ர நாள் கூலி, பிந்திப்போனா ஒரு இரவு தங்கிற செலவு, இதெல்லாம் ஆர் தாறது? தோட்டக் கூலிக்குப் போற சனம் இதாலயே ரெண்டு கிளினிக்கை விட்டிட்டு மூண்டாவதுக்கு போகுது, நான் கண்ணால பாத்தனான். அதுக்குத்தான் இந்தக் காசு.

நடந்து காசு சேக்கிறதெல்லாம் வெளிநாட்டு ஸ்டைல் எண்டும் சிலபேர் சொல்லுகினம். செல்வச்சந்நிதி முருகன் கோயில்ல இருந்து கதிர்காமத்துக்கு வருசா வருசம் பாதயாத்திரை போறது எங்கட சனம்தானே, முல்லைத்தீவுப் பக்கத்தால போகேக்க நாங்களே சாப்பாடு குடுத்து அனுப்பிறம். 2011இல தெற்கு அந்தத்தில இருக்கிற தெய்வேந்திரமுனையில இருந்து வடக்கு அந்தத்தில இருக்கிற பருத்தித்துறை வரைக்கும் 27 நாள், 670 கிலோமீற்றர் நடந்து சேத்த காசு இதே தெல்லிப்பழை கான்சர் ஆஸ்பத்திரிக்குத்தான் போனது. அம்மா படுத்த கட்டிலும் அந்தக் காசில வந்ததா இருக்கும் எண்டு நான் அடிக்கடி நினைக்கிறனான்.

நாங்கள் ஆறு பேர், ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோயிலடியில தொடங்கி அஞ்சு நாள் நடந்தனாங்கள். மாங்குளம் ரோட்டில யானை நிக்கும், அதால நல்லா வெளிச்சாப் பிறகுதான் வெளிக்கிட்டது, பதினொண்டுக்கு மேல தார் ரோட்டு கொதிக்குது செருப்புக்குள்ளால சுடுது. கிளிநொச்சி தாண்டி ஒரு ஐயா மோட்டச்சைக்கிளை நிப்பாட்டி "ஆருக்காக தம்பி" எண்டு கேட்டார். அம்மாக்கு எண்டன். "என்ர மனிசியும் உந்த பஸ்ஸிலதான் போய் வந்தவ" எண்டிட்டு சேட்டுப் பொக்கற்றுக்குள்ள கிடந்த நூறு ரூபாவை எடுத்து என்ர கைக்குள்ள பொத்தி வச்சார், பிறகு அரை மணித்தியாலம் வேலியோரம் நிண்டு அந்த அம்மான்ர கதையைத்தான் சொன்னவர். வீட்டில இருந்து போனில காசு கேட்டிருந்தா அந்த ஐயாவை நான் எங்க கண்டிருப்பன்? அவருக்கும் அதைச் சொல்ல ஒரு ஆள் வேணும்தானே.

ஒண்டு மட்டும் கடுமையா சொல்லுறன், பனர் அடிக்கவும் ரீசேட் அடிக்கவும் சேத்த காசில இருந்து ஒரு சதம் எடுக்கப்படாது. வருத்தக்காரற்ற படத்தைப் போட்டு காசு கேக்கவும் கூடாது, எங்கட அம்மாவை அப்பிடி ஆரும் போட்டா எங்களுக்கு எப்பிடி இருக்கும். கணக்கை மாசா மாசம் இதிலயே போடுவன், பிழை இருந்தா எல்லாருக்கும் முன்னால கேளுங்கோ.

வாற வருசம் அம்மான்ர திவசத்துக்கு முதல் கிழமை திரும்ப வெளிக்கிடுறம். முழுக்க நடக்கோணும் எண்டில்லை, மாங்குளத்தில சேந்து முறிகண்டி வரைக்கும் வந்தாலும் காணும். தொப்பியும் தண்ணிப் போத்திலும் கொண்டு வாங்கோ, கச்சான் நான் வாங்கித் தாறன்.