இரண்டு முள்ளும் ஏறினால் சென்டர் (sender) மாற்ற வேண்டுமா?

டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் காரில் பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் சேர்ந்து அதிகமாகக் காட்டினால் இரண்டு சென்டரும் (அளவை உணர்ந்து மீட்டருக்குச் சொல்லும் பாகங்கள்) போய்விட்டன என்று ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். பொதுவாக அப்படி இருக்காது. இரண்டுக்கும் மின்சாரம் ஒரே வோல்டேஜ் ஸ்டெபிலைசரிலிருந்துதான் போகிறது. பழைய வகையில் சூடானால் வளையும் பைமெட்டல் பட்டை ஒன்று காண்டாக்ட்டைத் திறந்து மூடி, சராசரியாக 10 வோல்ட் கொடுக்கும். ஸ்டெபிலைசரின் உலோகக் கூடு கார் பாடியோடு சரியாக எர்த் ஆகாவிட்டால் பட்டை சூடாகாது, காண்டாக்ட் திறக்காது, பேட்டரியின் முழு வோல்டேஜும் மீட்டருக்குப் போய்விடும்.

நீங்களே பார்க்கலாம். இக்னிஷனைப் போட்டு, ஸ்டெபிலைசரின் 'ஐ' (I, மீட்டருக்குப் போகும்) முனைக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லாம்ப் வையுங்கள். பழைய பைமெட்டல் வகை என்றால் சில நொடிகளில் விட்டுவிட்டு எரியும். அணையாமல் எரிந்தால், ஸ்டெபிலைசர் கூட்டிலிருந்து கார் பாடிக்கு ஒரு வயர் கொடுங்கள். மினுக்க ஆரம்பித்தால் கோளாறு எர்த்தில்தான். எலக்ட்ரானிக் வகை மினுக்காது, மல்டிமீட்டரில் நிலையாக 10 வோல்ட் காட்டும். சென்டர் வாங்குவதற்கு முன் தயவுசெய்து இதைச் செய்துபாருங்கள்.